எரிக்காத ஓலை

முந்தின வருஷம் குருத்தோலை ஞாயிறன்று வாங்கிய ஓலையைத் தவக்காலம் வரும்போது கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்போம். அதை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். சிங்கவரத்தில் கிறிஸ்தவர்கள் நாங்கள் நாலு குடும்பம். நாலு வீட்டு ஓலையையும் நான்தான் சைக்கிளில் செஞ்சிக் கோயிலுக்குக் கொண்டுபோவேன்.

அந்த வருஷம் என் வீட்டு ஓலையைக் கொடுக்க மனசில்லை. என் மனைவி அதைச் சிலுவையாக மடித்து, நடுவில் சிவப்பு நூல் கட்டி, மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள். ஆடியில் செத்துப்போனாள்.

கோயிலில் மணி அடிப்பது, ஓலை எரிப்பது எல்லாம் அவள் தம்பி வேலை. வீட்டுக்கு வந்தான்.

"இன்னா மாமா, அக்காவ படத்துக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்க? குடு. எல்லார் நெத்திலயும் இருக்கட்டும்."

"நீயே எரிப்பியா?"

"என் கையால எரிக்கிறேன்."

மற்ற ஓலைகளோடு உரச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

புதன்கிழமை சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசினார். முன்னால் நின்றவர் நெற்றி, பின்னால் நின்ற குழந்தை நெற்றி, எல்லாம் பார்த்தேன். வெளியே மச்சான் என் தோளைத் தட்டினான்.

"பாத்தியா மாமா, அக்கா எத்தினி பேர் நெத்தில!"

மூன்று நாள் முகம் கழுவவில்லை. வேலையிடத்தில் சித்தாள் பெண்கள், "இன்னா மேஸ்திரி, வூட்ல தண்ணி வரலியா?" என்று கேட்டார்கள். சிரித்தேன்.

சனிக்கிழமை கோயில் கக்கூஸ் சுவரைப் பூசப் போனேன். மணல் அள்ளப் பின்பக்கம் போனால் என் சாக்கு கிடக்கிறது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்தேன். குழாய்த் தண்ணீரில் நனைந்து ஓலை பூசணம் பூத்திருந்தது. சிவப்பு நூலும் இருந்தது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"டைம் இல்ல மாமா. பூசை சாமான் கடைல சாம்பல் பாக்கெட்ல விக்கிறாங்க, வாங்கிட்டேன். சாம்பல்னா சாம்பல்தான?"

"அக்கா நெத்தில இருக்கான்னு சொன்னியே."

"நீ சந்தோசப்படுவன்னு சொன்னேன். சாமியார்கிட்ட சொல்லிடாத, வேல போய்டும்."

நேரமில்லை என்று சொல்லியிருந்தால் சிலுவையை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். அவள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னான்.

தொட்டியில் முகம் கழுவினேன். பூச்சு வேலையை முடித்தேன். சாமியாரிடம் சொல்லவில்லை. சாக்கை வீட்டுக்குக் கொண்டுபோய், பாறைமேல் காயவைத்து எரித்தேன். இரண்டு கை சாம்பல்கூட வரவில்லை. அதை யார் நெற்றியில் பூச எனக்கு உரிமை இருக்கிறது? காற்று கொண்டுபோகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி, திருவிழிப்புப் பூசையில் விளக்கை அணைத்தார்கள். பெரிய பாஸ்கா மெழுகுவத்தியில் ஏற்றிய நெருப்பு ஒவ்வொருவர் கையிலிருந்த மெழுகுவத்திக்கும் கைமாறி வந்தது. எங்கள் வரிசைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"புடி மாமா."

அது கோயில் நெருப்பு. அவனுடையது இல்லை. தெரியும். கை போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் அவனிடம் ஏற்றிக்கொண்டார். நான் ஏற்றாத மெழுகுவத்தியோடு பூசை முடியும்வரை நின்றேன்.