வெற்றிலைக்குக் கீழே இரண்டு பற்றரி

படம் ஆடாத பைனாகுலர் என்று ஒன்று வந்திருக்கிறது, தெரியுமோ? போன மாதம் வரை எனக்கும் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்த என் தம்பிதான் கொண்டுவந்தான். இறக்கக்கண்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று என் கையில் தந்தான். நல்ல பாரம். கண்ணில் வைத்தேன், கடலில் கிடந்த வள்ளம் குதித்தது.

"இப்ப இந்தப் பட்டனை அமத்துங்கோ அக்கா."

அமத்தினேன். வள்ளம் அப்படியே நின்றுவிட்டது. வலை இழுத்தவரின் இடுப்புச் சாரத்தில் இருந்த கிழிசல்கூடத் தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக நிற்கிற படத்தில் ஏதோ கள்ளம் இருக்க வேண்டும்...

"உள்ளுக்குள்ள என்னடா நடக்குது?"

"கண்ணாடி அசைஞ்சு சரிக்கட்டும். பற்றரியிலதான் வேலை செய்யும். பற்றரி இல்லாட்டி இது சும்மா கண்ணாடிதான்."

பற்றரி! எங்கள் பக்கத்தில் அதைக் கையில் கொண்டுபோனாலே குண்டு செய்யவோ என்று ஆமி ஆயிரம் கேள்வி கேட்கும். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்கு மறந்துபோயிற்று. கோணேசர் கோயில் மலையில் ஏறி நின்று திமிங்கிலம் பார்க்கப் போகிறானாம். கடற்படைத் துறைமுகத்துக்கு மேலே, பைனாகுலரோடு, ஒரு தமிழ்ப் பொடியன். நாற்பது வயதானாலும் செக் பொயின்ற்றில் அவன் பொடியன்தானே?

"ஏலாது" என்றேன்.

"என்னட்ட கனடாப் பாஸ்போட் இருக்குது அக்கா. இதுக்கெண்டே வந்தனான்."

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன் — என் புத்தியை என்ன சொல்ல! பற்றரியைக் கழற்றிவிட்டால் சும்மா கண்ணாடி என்று அவனே சொன்னானே. இரண்டு பற்றரியையும் கழற்றி, அருச்சனைக் கூடையில் வெற்றிலைக்குக் கீழே வைத்தேன். மேலே வாழைப்பழம், கற்பூரம். சாமிக்குக் கொண்டுபோவதை யார் கிண்டப் போகிறார்கள்?

செக் பொயின்ற்றில் எல்லோரும் பஸ்ஸால் இறங்கினோம். சிப்பாய் ஒருவர் தம்பியின் பையைத் திறந்தார். பைனாகுலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டனில் விரல் வைத்தார்.

"இது எதுக்கு?"

"அதை அமத்தினா படம் ஆடாம நிக்கும், சேர்."

அமத்திப் பார்த்தார். ஆடியது. திரும்பவும் அமத்தினார். ஆடியது.

"பொய்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். இந்தக் காலத்தில், இந்த இடத்தில், எதற்கென்று தெரியாத ஒரு பட்டன்! தம்பியை மண்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் என்னைத் தெரியாதவர்கள் போல நின்றார்கள். அவர்கள் இடத்தில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். கொண்டக்டர் மணி பார்த்தார்.

பற்றரியைக் கொடுத்தால் தம்பி சொன்னது உண்மை என்று தெரிந்துவிடும். ஆனால், ஏன் ஒளித்தாய் என்று கேட்பார்கள். கொடுக்காவிட்டால் அவன் பொய்க்காரன். பன்னிரண்டு வருடம் காத்திருந்து கண்டவனை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேனே... கூடையோடு போய் வெற்றிலையை விலக்கினேன்.

சிப்பாய் பற்றரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சாமிக்கா?"

"இல்லை, சேர். பயத்தில ஒளிச்சனான்."

பற்றரியைப் போட்டுக் கடலைப் பார்த்தார். பட்டனை அமத்தினார். கனநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பியை வெளியே விட்டார்கள்.

"இது இங்க இருக்கட்டும். நாளைக்கு வந்து எடுங்க."

போய்க் கேட்டால், ஏன் இவ்வளவு அவசரம் என்பார்களோ? போகாவிட்டால், ஏன் வரவில்லை என்று வீடு தேடி வருவார்களோ? நான் போகவில்லை. தம்பியையும் போக விடவில்லை. அடுத்த கிழமை அவன் என்னோடு கதைக்காமலே விமானம் ஏறினான். ஏறினானே, எனக்கு அது போதும்.

நேற்று டவுனுக்குப் போனேன். பஸ்ஸைத் தூரத்திலேயே நிறுத்தி, எங்களை நடந்து வரச் சொன்னார்கள். காவலரணில் ஒருவர் பைனாகுலரோடு நின்றார். எங்களுடையதோ, வேறோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கடலைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல சாமான்தான், குறை சொல்லக்கூடாது. பார்க்கிறவரின் கை நடுக்கத்தை நிறுத்திவிடுகிறது. பார்க்கப்படுகிறவளின் கால் நடுக்கத்துக்குத்தான் இன்னும் பட்டன் வைக்கவில்லை.