முப்பத்தைந்து கைகள்

எழுபதுகளின் கடைசியில், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு இது நடந்தது. அன்றன்று நடந்ததை அன்றே டைரியில் எழுதிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த வருடத்து டைரி இப்போதும் அலமாரியில் இருப்பதால்தான் நேரத்தைக்கூட என்னால் சொல்ல முடிகிறது.

உத்திரமேரூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலை பஸ்ஸில் திருப்புலிவனத்தில் இறங்கி, வயல் வழியாக ஒன்றரை மைல் நடந்தால் நான் வேலை பார்த்த தொடக்கப் பள்ளி வரும். தலைமையாசிரியரோடு சேர்த்து மூன்று பேர். என்னிடம் நான்காம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எனக்கு வயது இருபத்தாறு. அந்தப் பள்ளிக்கு அந்த ஜூனில்தான் மாற்றலாகி வந்திருந்தேன்.

வந்த சில மாதங்களிலேயே ஒழுங்கான வகுப்பு என்று பெயர் வாங்கிவிட்டேன். நான் ஒரு வரி சொல்வேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்குக் கேட்கும். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்று, தன் அடர்ந்த மீசைக்குள் சிரித்துவிட்டுப் போவார்.

அந்த ஒழுங்கைக் கெடுத்தவள் ஒரே ஒருத்தி. மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி. வாய் ஓயாது. நான் கரும்பலகையில் எழுதத் திரும்பினால் போதும், பக்கத்தில் இருப்பவளிடம் முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்காக என்னிடம் அடியும் வாங்குவாள். "ரேடியோப் பெட்டி" என்று நான்தான் அவளுக்குப் பெயர் வைத்தேன். பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டு, "தே ரேடியோ, கொஞ்சம் வால்யூம் கம்மி பண்ணு" என்று கேலி செய்வார்கள். அவளும் சளைக்காமல், "உங்கப்பன் வந்து திருகட்டும், போடா" என்பாள். இங்கேயும் அவளை ரேடியோ என்றே சொல்கிறேன்.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நேர் எதிர். பேசவே மாட்டாள். பேசினாலும் சொற்கள் குழைந்து வரும். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் வகுப்பிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. கரும்பலகையில் இருப்பது ஒரு புள்ளி பிசகாமல் அவள் சிலேட்டில் இருக்கும். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்குப் பிறகு பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. முதல் வேலையாக நான் ரேடியோவைத் தூக்கிக் கடைசி வரிசையின் மூலையில் உட்கார வைத்தேன். அவள் எழுந்து போகும்போது, "டீச்சர், வாணாம் டீச்சர், நான் பேச மாட்டேன்" என்று கெஞ்சினாள். பேசாமல் இருக்கத் தெரியாது என்று நினைத்து நான் மசியவில்லை.

மறுநாள் வருகைப் பதிவில் கையெழுத்தழகியின் பெயரை நான் கூப்பிட்டும் பதில் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோழியைப் பிரித்த கோபம் என்று எண்ணி, கண்ணெதிரே இருந்தவளுக்கு 'வரவில்லை' என்று போட்டேன். பிடிவாதத்துக்குப் பாடம் கற்பித்துவிட்டதாக அன்றைய டைரியில் எழுதியும் வைத்தேன். மூன்றாம் நாளிலிருந்து பதில் வந்தது. புதிதாகப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவளைக் கிள்ளிவிடுவதை நான் கவனிக்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். கூட்டுக்குரலில் வாய்ப்பாடு ஒப்பித்தோம், செய்யுள் ஒப்பித்தோம். அவர் முகம் மலர்ந்தது. பிறகு பிள்ளைகளுக்கு நடுவில் நடந்துபோய் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நின்று, "நீ எழுந்திரும்மா" என்று அந்தக் கையெழுத்தழகியிடம் சொன்னார். அவள் அசையவில்லை. பக்கத்துப் பெண் இடித்த பிறகு எழுந்தாள்.

"ஒரு கூடைக்கு எட்டு மாம்பழம். ஏழு கூடைக்கு எத்தனை?"

அவர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். 'சொல்லு' என்று நான் கண்ணை உருட்டினேன். அவள் கரும்பலகையைப் பார்த்தாள். அங்கே நீரின் பயன்கள் என்ற பாடத்தை எழுதிப் போட்டிருந்தேன். அதை முதல் வரியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள்.

மாம்பழக் கணக்குக்கு நீரின் பயன்கள். எந்த வகுப்பாக இருந்தாலும் கொல்லென்று சிரித்திருக்கும். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு அவமானம்தான் முதலில் வந்தது. மேசை மேலிருந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய், அவள் கெண்டைக்காலில் இரண்டு அடி வைத்தேன். மூன்றாவதற்கு ஓங்கியபோது மூலையிலிருந்து ஒரு கத்தல்.

"அடிக்காதீங்கோ டீச்சர்! அதுக்குக் காது கேக்காது!"

ரேடியோதான். எழுந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் சொல்லிக்கினு இருந்தேன் டீச்சர். நீங்கதான் என்னைத் தூக்கி இங்க போட்டுட்டீங்கோ!"

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார்: "காது கேட்காதா? எத்தனை நாளாம்மா?"

"ரெண்டாங் கிளாஸ்லேர்ந்து சார். ஜுரம் வந்துச்சில்ல, அப்போ போயிடுச்சி."

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்? கை தூக்குங்க."

முதலில் யாரும் தூக்கவில்லை. பிறகு ஒரு கை. பிறகு நான்கைந்து. பிறகு வகுப்பு முழுவதும். அன்று வந்திருந்தது அவளோடு சேர்த்து முப்பத்தாறு பேர். முப்பத்தைந்து கைகள் மேலே இருந்தன. அந்தச் சிறுமி சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் கை தூக்கியிருப்பதைக் கண்டதும், கன்னத்தில் வழிந்த கண்ணீரோடு அவளும் அவசரமாகக் கையைத் தூக்கினாள்.

இத்தனை வருடங்களில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அந்த முப்பத்தாறாவது கையைப் பார்த்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி போல இன்னொன்று எனக்கு வந்ததில்லை. ஏழு மாதங்களாக அவள் என் வகுப்பில் செய்துகொண்டிருந்தது இதைத்தான். எல்லோரும் வாயைத் திறந்தால் அவளும் திறப்பாள். எல்லோரும் மூடினால் மூடுவாள்.

"எப்படிச் சொல்லுவே, காட்டு" என்றார் ஆய்வாளர். ரேடியோ மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, தோழிக்கு எதிரே முகத்துக்கு முகம் உட்கார்ந்தாள். கையால் கூடை போல வளைத்துக் காட்டினாள். எட்டு விரல். மாம்பழத்துக்கு, சாறு ஒழுகக் கடிப்பது போல ஒரு பாவனை. பிறகு ஏழு விரல். கூடவே உதடும் நிதானமாக அசைந்தது. அந்தச் சிறுமி விரல் கணுக்களைத் தொட்டுக் கணக்குப் போட்டு, குழைந்த குரலில் சொன்னாள்: "அம்பத்தாறு."

தொடையில் ஒரு தட்டு தட்டினால் வாயைத் திறக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். வரியின் முதல் எழுத்தை உள்ளங்கையில் எழுதிக் காட்டுவது. நான் திரும்பி நின்று சொன்னதையெல்லாம் உதட்டால் மறுபடி சொல்வது. இந்த ஏற்பாடு முழுவதையும் ஒன்பது வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கி இருந்தார்கள். அதற்குத்தான் நான் ரேடியோவை அடித்துக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியர் கோபமாக இருந்தார். "ரெண்டு வருஷமா நம்மள ஏமாத்திக்கினு கீதுங்க ஐயா. பேரை எடுத்துடலாம்" என்றார். ஆய்வாளரும் மறுக்கவில்லை. காது கேளாதவர்களுக்கு வெளியூரில் தனிப்பள்ளி இருக்கிறது, இங்கே வைத்து என்ன செய்ய முடியும் என்றார். அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, அறுவடையில் இருந்த அவள் தாய் வந்துவிட்டார். புடவையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. இடுப்பில் அரிவாள்.

"சொன்னா சேத்துக்க மாட்டீங்கோன்னு பயந்துக்கினு சொல்லல டீச்சரம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "வெளியூர்ல கொண்டுபோய் வுட எங்களால ஆவுமா? இங்க வாணாம்னு துரத்திட்டா நாளைலேர்ந்து எங்கூடக் கதிர் பொறுக்கத்தான் வரும்."

அந்தப் பிள்ளை ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மட்டும் அதற்குப் புரிந்திருக்க வேண்டும்.

"முழுப்பரீட்சை வரை நேரம் கொடுங்க சார். எல்லோரையும் போல எழுதட்டும். தேறவில்லை என்றால் அப்புறம் பேரை எடுத்துவிடுங்கள்" என்றேன். ஆய்வாளர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். ஸ்கேல் இன்னும் என் கையில்தான் இருந்தது. "சரி, முழுப்பரீட்சை வரை" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அன்று மாலை அறைக்கு வந்து ஜூன் மாதத்திலிருந்து டைரியைப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. 'கூப்பிட்டும் திரும்பவில்லை, திமிர்.' 'மணி அடித்தும் உட்கார்ந்தே இருந்தாள்.' 'ரேடியோ பேச்சு, இரண்டு அடி.' இந்தக் கடைசி வரி மட்டும் பத்தொன்பது இடங்களில் இருந்தது. எழுதி வைத்திருக்கிறேன், ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மறுநாள் ரேடியோவைப் பழைய இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பாடம் நடத்தும் முறையை மாற்றினேன். வரிசையைக் கலைத்து அரைவட்டமாக உட்கார வைத்தேன். எழுதும்போது பேசுவதில்லை, பேசும்போது திரும்புவதில்லை. விதை முளைப்பதை ஒரு வாரம் கொட்டாங்கச்சியில் வைத்துக் காட்டினேன். ஆரம்பத்தில் அவளுக்குப் புரிய வேண்டுமே என்று வாயை அகல அகலத் திறந்து பேசினேன். ரேடியோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அவ்ளோ பெருசா தொறக்காதீங்கோ. அதுக்கு ஒண்ணும் வெளங்கல, சிரிப்புதான் வருதாம்" என்றாள். அன்றிலிருந்து சாதாரணமாகப் பேசினேன்.

கூட்டாக ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னபோதுதான் அடுத்த அதிர்ச்சி. ஒரு பையன் கணீரென்று ஒரு பக்கத்தை ஒப்பித்தான். அவன் விரல் வேறொரு பக்கத்தில் இருந்தது. எழுத்து ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. இப்படி நன்றாகக் காது கேட்கும் பதினொரு பேர் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தினமும் காலையில் ஒரு பிள்ளை, வரும் வழியில் பார்த்ததை எதிரே நின்று சொல்ல வேண்டும் என்று வைத்தேன். கேட்பவர்களுக்குப் புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் ஒரு நாள் அந்தச் சிறுமியே எழுந்து வந்தாள். சேற்றில் சிக்கிய டிராக்டரை நான்கு பேர் தள்ளியதையும், அதில் ஒருவர் குப்புற விழுந்ததையும் பாதி பேச்சும் பாதி நடிப்புமாகச் சொன்னாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் தன் சொந்தப் பேச்சாக ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இருந்தாலும் பரீட்சையில் ஒரு முள் இருந்தது. சொல்வதை எழுதுதல். வகுப்பாசிரியர் படிக்கக் கூடாது, தலைமையாசிரியர்தான் படிப்பார். அவர் மீசை மேலுதட்டை முழுவதும் மூடியிருக்கும். "நீங்க படிச்சா அது எப்படிம்மா பரீட்சை? சட்டம்னா சட்டம்" என்று சொல்லிவிட்டார். ரேடியோ பக்கத்தில் உட்காரவும் அனுமதி இல்லை. அந்த ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பரீட்சை அன்று காலை அவர் வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீசையை உதட்டுக்கு மேல் நறுக்கென்று ஒதுக்கிவிட்டிருந்தார். பிள்ளைகளுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் படித்தார். அவள் பத்துச் சொற்களில் ஆறு சரியாக எழுதினாள். மற்ற பாடங்களில் கவலையே இல்லை.

முடிவு சொன்ன நாளில் தாய் வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, "பேரு இருக்குதா டீச்சரம்மா?" என்று கேட்டார். "ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது" என்றேன். அவர் மகளிடம் சொல்லத் திரும்பினார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ரேடியோதான் தோழியின் முகத்துக்கு நேரே போய் நின்று, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

வகுப்பே கூடி இதை என்னிடம் ஏன் மறைத்தது என்று அன்று ரேடியோவிடம் கேட்டேன். "சொல்லத்தான் பாத்தோம் டீச்சர். நாங்க வாயைத் தொறந்தாலே நீங்க மூடுன்னு சொல்லிடுவீங்கோ" என்றாள்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தேன், அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திவிட்டேன். ஆனாலும் எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேரும்வரை வழி தேடிச் சொல்வதுதான் கற்றுக்கொடுப்பது என்பதை, என்னிடம் பத்தொன்பது முறை அடி வாங்கிய ஒரு சிறுமிதான் அந்த ஊரில் முதலில் தெரிந்து வைத்திருந்தாள்.