புகைக்கு ஒரு வழி

சத்துணவு தொடங்கிய புதிதில், வேப்பந்தட்டைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் மலர்கொடி சமையல் ஆயா. புருஷன் போனபிறகு அவள் வீட்டு அடுப்பு எரிந்ததே அந்த வேலையால்தான்.

பள்ளிச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. புகை நேரே வகுப்புக்குள் போகும், பிள்ளைகள் இருமிக்கொண்டே இருக்கும். மனு கொடுத்தாள், பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு மேலே சுவரைக் கடப்பாரையால் இடித்து, மண்குழாய் ஒன்றைச் செருகிவிட்டாள்.

மறுவாரமே ஒன்றிய ஆணையரின் ஜீப் வந்து நின்றது.

"கவர்மெண்டு சுவத்தையா இடிப்ப? இன்னியோட உன் வேலை போச்சு போ," என்றார் அமைப்பாளர் அரியமுத்து.

ஆணையர் எரிகிற அடுப்பருகே போய், புகை குழாய் வழியே வெளியேறுவதைப் பார்த்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"கடப்பாரை யாருது?"

"எங்க வூட்டுதுங்க சார்."

"அதை எடுத்துக்கிட்டு ஜீப்புல ஏறும்மா."

போலீசுக்குத்தான் என்று நினைத்தாள். ஜீப் அடுத்த ஊர்ப் பள்ளியில் நின்றது. அங்கேயும் வகுப்பெல்லாம் புகை.

"அதே மாதிரி இங்கயும் செஞ்சுடு," என்றார் ஆணையர்.

மலர்கொடி கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

"எழுதிக் குடுங்க சார், இடிக்கிறேன்."

ஆணையர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.