பழைய கடையின் தொலைபேசி இலக்கம்

நோர்வேத் தலைநகரின் குறொன்லாண்ட் பகுதியில் நான் வேலை செய்த தொலைபேசிக் கடை அதற்கு முன் துணிக்கடை. அதற்கும் முன் சப்பாத்துக்கடை. ஆதியில் மீன் விற்றார்களாம். மேல்மாடியில் நெடுங்காலம் குடியிருந்த நோர்வேக்காரர் சொன்னது. துணிக்கடையில் உடுப்புப் போட்டுப் பார்த்த அறைகள்தான் எங்களுக்குப் பேசும் கூண்டுகளாயின. மூன்றாவதில் நிலைக்கண்ணாடியைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். ஊருக்குக் கதைத்து அழுகிறவர் தன் முகத்தைத் தானே பார்க்கவேண்டும்! எனக்கு எரிச்சல் வரும். ஒரு முருகன் கலண்டரைக் கொண்டுபோய் அதன்மேல் தொங்கவிட்டேன். பாகிஸ்தான்கார முதலாளிதான் ஆணி தந்தார்.

புறநகரான ஹொல்ம்லியாவிலிருந்து ஓர் அக்கா சனிக்கிழமைகளில் வருவார். அவருடைய ஒரே தங்கை வன்னியில் இருந்தாள். வீட்டில் தொலைபேசி இல்லாததால் அவளும் அங்கே ஒரு கடைக்குப் போய்த்தான் எங்கள் கடைக்கு அழைப்பாள். "பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, அக்காவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்பேன். அக்கா பக்கத்துக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பார். நான் ஓடிப்போய்க் கூட்டிவரும்வரை தங்கை வைக்கமாட்டாள்.

"உங்கடை மொபைல் நம்பரைக் குடுக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் மொபைலையும் மாத்துவன், வீட்டையும் மாத்துவன். கடை மாறாதுதானே தம்பி. அவள் இந்த நம்பரைத்தான் பாடமாக்கி வைச்சிருக்கிறாள்."

எத்தனையோ கடை மாறிய இடத்தில் நின்று இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு போர் இறுகியது. தங்கை இருந்த ஊரே இடம்பெயர்ந்தது. அழைப்பு நின்றுபோனது. அக்கா இப்போது வேலை முடிந்து நாள்தோறும் வந்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கடையை முதலாளி மூடப்போனார். எல்லோரும் வீட்டிலிருந்து கணினியில் கதைக்கும்போது கூண்டுக்கு யார் வருவார்கள்? கடை இலக்கத்தை அக்காவின் மொபைலுக்கு மாற்றிக் கொடுக்கக் கேட்டேன்; முதலாளி உடனே சம்மதித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. தொலைபேசிக் கொம்பனி முடியாது என்றது. கெஞ்சினேன், கத்தினேன். மறுபக்கத்திலிருந்த பெண் கடைசிவரை பண்பாகவே முடியாது என்றாள். கோபத்தை யாரிடம் காட்டுவது? அந்த நாட்களில் என் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

மூடிய அடுத்த கிழமை அக்காவை அதே வாசலில் கண்டேன். உள்ளே கூண்டுகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள், கோப்பிக்கடை வரப்போகிறதாம். அவர் தன் மொபைலில் எங்கள் பழைய இலக்கத்தை அழுத்தி என் காதில் வைத்தார். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

"அவளுக்கு நொஸ்க் பாசை விளங்காது தம்பி" என்றார். "ஆரோ பொம்பிளை எடுத்திட்டா, அக்காவைக் கூப்பிடப் போயிட்டா எண்டு நினைச்சு, பிடிச்சுக்கொண்டு நிப்பாள்."