சும்மா இருக்கிற உத்தியோகம்

அரசாங்கத்திடமிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் டெஸ்மன்ட் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படிப்பதில்லை. கேட்டடியில், தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு விளக்கவுரை இருக்கும். கேட்பதற்கு மனைவி மாக்கிறேட் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேலிக்கு அப்பால் புல் மேயும் அயலவரின் குதிரைக்கு விளங்கினால் போதும். "அன்புள்ள நில உரிமையாளரே... பாத்தீரே, அன்பாம். இனி ஏதோ பிடுங்கப் போறாங்கள்" என்று குதிரையிடம் சொல்வார்.

மன்னாரில் பிறந்தவர். வயது அறுபத்திரண்டு. சிட்னியில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் வேலை செய்தார். அது இழுத்து மூடப்பட்டபோது கையில் கிடைத்ததைப் போட்டு, ஹாக்ஸ்பரி ஆற்றுப் பக்கம் பதினொரு ஏக்கர் வாங்கினார். தோட்டம் செய்து பழக்கமில்லை. "அப்பா கடலுக்குப் போனவர். எனக்கும் மண்ணுக்கும் இருந்த தொடர்பு விழுந்தெழும்பினதுதான்" என்பார். முதல் வருடம் கத்தரிக்குக் கோழி எருவை அள்ளிக் கொட்டி, கன்றுகள் எல்லாம் கருகிப்போன கதையை அவரிடம் மரக்கறி வாங்கும் ஹரிஸ் பார்க் கடைக்காரர்களுக்கு அவரே நடித்துக் காட்டியிருக்கிறார். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்குமுன் தானே தொடங்கிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இப்போது கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், பச்சை மிளகாய் எல்லாம் நன்றாகவே வருகின்றன. அதை ஒப்புக்கொள்ளத்தான் அவருக்குக் கூச்சம்.

போன வருடம் அந்தக் கடிதம் வந்தது. ஓடைக்கரையில் இருபது மீற்றர் அகலத்துக்கு உழுவதை நிறுத்தி, வேலி அடைத்து, இந்த மண்ணுக்குரிய மரங்களை வளரவிட்டால், பத்து வருடத்துக்கு ஆண்டுதோறும் கொடுப்பனவு தருவார்களாம். விளக்கம் சொல்ல ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வந்த விவசாயிகளில் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கரையை விட்டுக்கொடுத்தால் பம்பை எங்கே வைப்பது என்று ஒரு மால்டாக்காரர் கேட்டார். பத்து வருடம் முடிந்தபின் அந்த மரங்களை வெட்ட விடுவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். பதில் மிக நீளமாக வந்தது. விடமாட்டார்கள் என்பது அதிலிருந்தே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அப்போதுதான் டெஸ்மன்ட் எழும்பினார். அன்று ஆங்கிலத்தில் பேசியதைப் பிறகு தமிழில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் காட்டினார்.

"சும்மா இருக்கிறதுக்குச் சம்பளம் தாற உத்தியோகத்தை நான் முப்பது வருசமா மனிசியிட்டக் கேட்டுப் பாத்திட்டன். கிடைக்கேல்லை. இப்ப அரசாங்கம் தாறன் எண்டு வருதெண்டா, இதில ஏதோ சுத்துமாத்து இருக்கு."

மண்டபம் அதிர்ந்தது. பக்கத்துக் காணியில் தோட்டம் செய்யும் கேதீஸ்வரன் அவருடைய முதுகில் ஓங்கித் தட்டினார். அன்றே விவசாயிகள் எழுதிய எதிர்ப்பு மனுவில் முதல் கையெழுத்து டெஸ்மன்டுடையது.

மார்ச் மாதம் மழை பிடித்தது. ஓடை மூன்று நாள் கரைபுரண்டு ஓடி வடிந்தபோது, கீழ்ப்பக்கத்து இரண்டு ஏக்கரில் மேல்மண் இல்லை. மிளகாய்க் கன்றுகள் இல்லை. சொட்டுநீர்க் குழாய்கள் அடுத்த காணி மரத்தில் தோரணம்போல் தொங்கின. தண்ணீரைத் தொடும் கடைசி அங்குலம்வரை டெஸ்மன்ட் உழுதிருந்த இடம் அது. அதை ஒட்டி, ஓடையின் மேற்புறக் கரையில், ஐந்து வருடமாக "இந்தக் கிழமை வெட்டுறன்" என்று சொல்லிச் சொல்லி வெட்டாமல் விட்ட பற்றைக்காடு மட்டும் வைத்தது வைத்தபடி நின்றது. முழங்கால்வரை சேற்றில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாக்கிறேட்டும் வந்து பார்த்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர்; எதையும் பெரிதாக்கிப் பேசமாட்டார்.

"இஞ்சருங்கோ, நீங்கள் வேலை செய்த இடமெல்லாம் போட்டுது. செய்யாத இடம் நிக்குது."

இவ்வளவு காலத்தில் தன்னைப் பற்றி இத்தனை நல்ல பகிடி தனக்கே தோன்றவில்லையே என்று டெஸ்மன்டுக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பம் போட்டார். கேதீஸ்வரனுக்குச் சொல்லவில்லை. படிவத்தை அலுவலகத்தில் கொடுக்கப் போன அன்று வாகனத்தை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, தொப்பியைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு நடந்தார். கந்தோருக்குள் நுழைந்ததும் வாசலில் இருந்த பெண்மணி, "அன்றைக்குக் கூட்டத்தில் அருமையாகப் பேசினீர்கள்!" என்று அறை முழுக்கக் கேட்கும்படி வரவேற்றார்.

காணியைப் பார்வையிட வந்த உத்தியோகத்தர் கிரிஜா, சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் வளர்ந்த தமிழ் இளம்பெண். பற்றைக்காட்டுக்குள் போனவர் ஒரு மணித்தியாலம் வெளியே வரவில்லை. வந்தபோது கண்கள் மின்னின.

"அங்கிள், இது அமேசிங். எல்லாம் நேட்டிவ் செடி. ஆர் இதை மெயின்டெய்ன் பண்ணினது?"

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை. என்ர சோம்பல்தான்."

கிரிஜா கொப்பியில் 'இயற்கையான மீள்வளர்ச்சி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதினார். தன் சோம்பலுக்கு இப்படி ஒரு மரியாதையான பெயர் இருப்பதை அறிந்த டெஸ்மன்ட், அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா அங்கிள், கீழ்ப்பக்கம் இனி உழ ஏலாது. பத்து வருசம். ஷுவரா?"

"முடியிற நேரம் எனக்கு எழுபத்திரண்டு. அதுக்குப் பிறகு நான் உழப்போறன் எண்டா ட்ரக்டரே சிரிக்கும்." கையெழுத்துப் போட்டார்.

வேலிக்கட்டைகள் வந்து இறங்கிய அன்றே கேதீஸ்வரன் வந்துவிட்டார். படகில் வந்து, தற்காலிக விசாவிலேயே பல வருடம் கழித்தவர். ஓடையோரமாக ஒடுங்கி நீண்டு கிடக்கும் பக்கத்து ஆறு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் பூசணியும் போடுகிறார்.

"அண்ணை, அண்டைக்குக் கூட்டத்தில பேசினது ஆர்?"

"அவர் ஒரு விசரன், தம்பி. நானும் அவரைத்தான் தேடித் திரியிறன்."

கேதீஸ்வரன் சிரிக்கவில்லை.

"உங்களுக்குச் சொந்தக் காணி, நீங்கள் பகிடி விடலாம். என்ர ஓனர் இப்பதான் வந்து உங்கட கட்டைகளைப் பாத்திட்டுப் போறார். அவர் கரையைக் குடுத்தா எனக்கு மிஞ்சுறது ரெண்டு ஏக்கர். காசு அவருக்கு வரும். எனக்கு வெளிக்கிடச் சொல்லித்தான் கடிதம் வரும்."

டெஸ்மன்டின் வாயில் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருந்தன. இரண்டுமே பகிடிகள். இரண்டையும் விழுங்கினார். கடிதத்தைக் குதிரைக்கு விளக்கியவர், 'நில உரிமையாளரே' என்ற விளிப்பில் கேதீஸ்வரன் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

"என்ர மேல்பக்கத்தில கொஞ்ச இடம் சும்மா கிடக்கு, தம்பி. எடுத்துச் செய்யுமன்."

"எனக்குத் தருமம் வேண்டாம், அண்ணை. எனக்காகவும் அதே மண்டபத்தில ஒருக்காப் பேசுங்கோ. எனக்கு அந்த இங்கிலீசு வராது."

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. குசினி மேசையடியில் நின்று மாக்கிறேட்டுக்கு முன்னால் பேசிப் பழகினார். நான்கு தரம் பேசினார். நான்கு தரமும் நடுவில் ஒரு பகிடி தானாகப் புகுந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாக்கிறேட் தலையை நிமிர்த்தாமலே "அது வேண்டாம்" என்றார்.

மண்டபத்தில் டெஸ்மன்ட் எழும்பியதும் கதிரைகள் அவர் பக்கம் திரும்பின. முகங்கள் முன்கூட்டியே மலர்ந்திருந்தன. கரையைக் கொடுக்குமுன் குத்தகைக்காரரின் சம்மதத்தையும் கேட்க வேண்டும், கொடுப்பனவில் அவருக்கும் பங்கு வேண்டும் என்று சொன்னார். பகிடி இனித்தான் வரப்போகிறது என்று எண்ணிய யாரோ முன்னதாகவே சிரித்தார். அது பரவியது. "மனைவி இந்த வேலையையும் தரவில்லையா, டெஸ்?" என்று மால்டாக்காரர் கத்தினார்.

டெஸ்மன்டுக்குக் காது சுட்டது. அதற்கு ஏற்ற மறுமொழி, நாக்கு நுனியில், சுடச்சுட வந்து நின்றது. சொல்லியிருந்தால் கூரை பறந்திருக்கும். கடைசி வரிசையில் கேதீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்மன்ட் சொன்னதையே திரும்ப, இன்னும் மெதுவாக, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

மேடையிலிருந்த கிரிஜா, கவனத்தில் எடுக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழில், மெல்ல, "இருங்கோ அங்கிள்."

டெஸ்மன்ட் கதிரையில் இருக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, மேசையில் மூடிக் கிடந்த கிரிஜாவின் கொப்பியையே பார்த்துக்கொண்டு, தான் சொன்னதை எழுத அது திறக்கப்படும்வரை நின்றார்.