செத்த சர்க்கரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு, மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ் ஏறி ஒரு கல்லூரிக்கு வேலைக்குப் போனேன். ஆராய்ச்சிக் கூடத்தில் குப்பி கழுவும் வேலை. அங்கே ஒரு மேடம் எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் போட்டுத் தொந்தி வளர்ப்பார்கள். பிறகு சிறுகுறிஞ்சான் இலையின் சத்தைப் பிரித்து ஊட்டி, எல்லாம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தொந்தி, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு நான்கும் கூட்டாக வரும் நோய்க்கு மருந்து தேடினார்களாம். எங்கள் வீட்டில் அந்த நோய் யாரும் ஊட்டாமலே வளர்ந்தது. என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்.

எலிக்குச் சர்க்கரை இறங்கியதை ஒருநாள் வீட்டில் உளறிவிட்டேன். அன்றே அவர் மாத்திரையை நிறுத்தினார். வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் கொடியில் இலை பறித்து மென்றார். அந்த இலையை மென்றபின் சர்க்கரையைப் போட்டால் வாயில் மண் மாதிரி இருக்கும். அவருக்கு அது போதாதா?

"பாத்தியா, இனிப்பே இல்ல. சர்க்கரை செத்துப்போச்சு. செத்த சர்க்கரை ஒடம்புல இன்னா பண்ணும்?"

"வாயிலதானேங்க செத்துது?"

"அஞ்சாங் கிளாஸ் படிச்சிட்டு எங்கிட்ட பேசாத."

அவர் படித்தது நான்கு.

ருசி தெரியாமல் எவராவது லட்டு தின்பாரா? இவர் தின்றார், ஊருக்கு நிரூபிக்க. தினமும் டீக்கடையில் இலையை மென்று, இரண்டு லட்டு தின்று காட்டுவார். "அண்ணாத்த, உன் வைத்தியத்துல என் தட்டு காலியாவுது, நல்லா இரு" என்பார் கடைக்காரர்.

அவர் காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. கால்விரல் கறுத்தது. அதற்கும் அதே இலையை அரைத்துக் கட்டினார். இனி கால் போகும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மேடத்திடம் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று கையில் குப்பியோடு போய் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, மனுஷங்களுக்கு இது மருந்தான்னே இன்னும் தெரியாதும்மா! மாத்திரைய யாராவது நிறுத்துவாங்களா?"

"சர்க்கரை எறங்கின எலிங்க எங்க மேடம்?"

"எல்லாத்தையும் அறுத்து ஈரலைப் பாத்தாச்சும்மா."

வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னேன். "கொணமான எலிய எல்லாம் அறுத்துட்டாங்களாம். ஒண்ணுகூட உசுரோட இல்ல."

"நெசமாவா?" என்று தொந்தியைத் தடவிக்கொண்டார். எத்தனை நாள் கெஞ்சியும் அசையாதவர், மறுநாள் காலையில் எனக்கு முன்னால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். ஒரு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது.

"எலை கட்டலன்னா காலே போயிருக்கும்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார், மாத்திரையை விழுங்கியபடியே.

இலையின் பெயர், எலிக்குக் கொடுத்த முறை எல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியவை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். கால்விரல் கணக்கை மட்டும் சரிபார்க்க வேண்டாம். அவருக்கு நகம் வெட்டுவது நான்தான், ஒன்பது.