தரையிலிருந்து நாற்காலிக்கு

2005ஆம் வருஷம், தை மாதக் கடைசி. தேனிப் பக்கம் கூடலூரிலிருந்து, குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் போகும் ரோட்டில் என் வெல்டிங் பட்டறை. பின்னாலேயே வீடு.

அதற்குச் சில வருஷம் முன்பு ஒரு குடோனுக்குத் தகரம் போடும்போது மேலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்தேன். கை நன்றாக இருந்தது. ஆனால் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டால் நானாக ஏற முடியாது. யாராவது தூக்க வேண்டும்.

அதனால் என் மனைவி ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டுவிட்டாள். கேரளாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் காலையில் எங்கள் வாசலில்தான் நிற்கும். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். பட்டறை வருமானம் மட்டும் எங்களுக்குப் பற்றவில்லை.

அன்று மத்தியானம் குமுளி டாக்சி ஒன்று வந்து நின்றது. டிரைவர் தெரிந்த தம்பிதான்.

"அண்ணே, அர்ஜெண்டு. வெள்ளைக்காரம்மா ஒருத்தவுக. மதுரைல பிளேன் பிடிக்கணும். வீல்சேரை வண்டியில ஏத்தயில சின்னச் சக்கரம் கழண்டுபோச்சு."

காருக்குள் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். மூட்டை தூக்குகிறவர் மாதிரி தோள். கால் இரண்டும் என் கால் மாதிரியே சூம்பியிருந்தது.

சக்கரத்தின் போல்ட் ஒடிந்திருந்தது. பழைய ஸ்கூட்டர் போல்ட் ஒன்றை அறுத்து, அரத்தால் ராவி, போட்டேன். அந்த அம்மா காரிலிருந்து தானாகவே நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கலாம் என்று கீழே கிடந்த ஸ்பேனரை எட்டினேன். குப்புற விழுந்தேன்.

மனைவி ஓடிவந்தாள். அவளும் டிரைவருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டிரைவரிடம் ஏதோ கேட்டார்.

"நீங்களா எந்திரிக்க மாட்டீகளான்னு கேக்குறாக."

"முடியாது" என்றேன்.

"இவரை விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக முடியுது? அதையும் சொல்லு தம்பி" என்றாள் மனைவி.

அவன் சொன்னான். அந்த அம்மா நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். அப்படியே தரையில் சரிந்து விழுந்தார்.

"ஆத்தாடி!" என்று மனைவி கத்தினாள். அந்த அம்மா தரையில் கிடந்து சிரித்தார். ஒரு கையை நாற்காலியிலும் ஒரு கையைத் தரையிலும் ஊன்றினார். ஒரே எம்பு. மேலே உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர்தான் விவரம் சொன்னான். "இவுக பந்தயக்காரக அண்ணே. பனியில சறுக்குற பந்தயம்."

"பனியிலயா? மார்கழிப் பனியில எப்படிடா சறுக்குறது?"

"அந்தப் பனி இல்லண்ணே. ஐஸு. மலை பூரா ஐஸு."

அந்த அம்மா கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அண்டா மாதிரி ஒரு இருக்கை. அதில் இடுப்பை இறுக்கிக் கட்டிவிடுவார்களாம். அடியில் பைக்குக்கு இருப்பது போல ஷாக் அப்சார்பர். அதற்குக் கீழே ஒரே ஒரு சறுக்குப் பலகை. இரண்டு கையிலும் குட்டிப் பலகை வைத்த ஊன்றுகோல். நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மலையிறங்க வேண்டும். கார் விபத்தில் கால் போன பிறகுதான் இதையே கற்றிருக்கிறார். முதல் வருஷம் பந்தயமே இல்லை. விழுவது, எழுவது, அவ்வளவுதான். பிறகு பல நாடு போய் ஓட்டியிருக்கிறார். சில தடவை ஜெயித்தார். பல தடவை பாதி மலையில் கவிழ்ந்தார். தோள்பட்டை எலும்பு விட்டுப்போனதால் இப்போது நிறுத்திவிட்டாராம்.

"அண்ணே, உங்களைக் கீழ எறக்கிவிடச் சொல்றாக."

"இப்பத்தான தூக்குனோம்!" என்றாள் மனைவி.

இறக்கினார்கள். வாசலில் கிடந்த, திராட்சை அடுக்கும் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போடச் சொன்னார். முதலில் பெட்டிமேல் ஏற வேண்டும். அதிலிருந்து நாற்காலிக்கு. நான் தம் பிடித்து எம்பினேன். இடுப்பு அசையவில்லை. மறுபடி எம்பினேன். வேர்த்து ஊற்றியது. மனைவி தூக்க வந்தாள். அந்த அம்மா நாற்காலியைக் குறுக்கே விட்டு மறித்தார். அவள் முகம் சுண்டிப்போனது.

டிரைவர் கடிகாரத்தைக் காட்டினான். அந்த அம்மா கையை உதறினார்.

"இந்த பிளேன் போனா அடுத்த பிளேனாம்ணே. நல்ல ஆளு மாட்டுனாக எனக்கு."

அந்த அம்மா தன் தலையைத் தொட்டுக் கீழே காட்டினார். இடுப்பைத் தொட்டு மேலே காட்டினார். எனக்கு விளங்கவில்லை. எழுந்திருக்கிறவன் தலையைத் தூக்கத்தானே செய்வான்? நான் அண்ணாந்துதான் எம்பிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் கொஞ்சம் யோசித்தான். "அண்ணே, ஜல்லிக்கட்டு மாடு குத்த வரயில என்ன செய்யும்? தலை கீழ, பின்பக்கம் மேல. முட்டுங்கண்ணே!" என்று தானே குனிந்து முட்டிக் காட்டினான். அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார்.

தரையைப் பார்த்து முட்டினேன். இடுப்பு கிளம்பியது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலிக்கு அன்று ஏறவில்லை. வலு பற்றவில்லை. தினமும் செய்யச் சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினார். கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். கார் போய்விட்டது.

தினமும் முட்டினேன். பங்குனியில் பெட்டியிலிருந்து நாற்காலிக்கு ஏறினேன். சித்திரையில் மனைவி ஜீப்பில் ஏறினாள்.

முதல் நாள் சாயங்காலம் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"விழுந்தீகளா?"

"விழுந்தேன்."

"பெறகு?"

"எந்திரிச்சேன்."

அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு உலை வைக்கப் போனாள்.

அந்த அம்மா பெயர்கூட எனக்கு வாயில் நுழையவில்லை. என்னைத் தூக்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர், எல்லோருக்கும் நான் நன்றி உள்ளவன். ஆனால் என்னைத் தூக்கவிடாமல் மறித்த அவரை நினைத்துத்தான் தினமும் கும்பிடுகிறேன்.